அறிபவர், தீர்மானிப்பவர், பதில்கூறுபவர்: இலங்கையின் அஸ்வெசும நலன்புரிச் சீர்திருத்தத்தில் அரச நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு – ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையில் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம், அதுவரை பல நிறுவனங்களின் கீழ்ச் சிதறிக் கிடந்த உதவிக் கொடுப்பனவுகளை ஒரே தெரிவுமுறைக்குள் கொண்டுவர முயன்றது. அரசியல் தலையீட்டை நீக்குவதும் தகுதியுடையோரைப் புறநிலையான அளவுகோல்களால் இனங்காண்பதும் அதன் வெளிப்படையான நோக்கங்கள். அந்நோக்கங்கள் நியாயமானவை என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றை நிறைவேற்றத் தெரிவுசெய்யப்பட்ட நிறுவன அமைப்பை இக்கட்டுரை விமர்சன நோக்கில் ஆராய்கிறது. ஒருங்கிணைப்பு என்பது தரவுகளை ஓரிடத்தில் சேர்த்தல் என்று மட்டும் புரிந்துகொள்ளப்பட்டதால், குடும்பத்தின் நிலையை அறிபவர், தகுதியைத் தீர்மானிப்பவர், குடிமக்களுக்குப் பதில்கூறுபவர் ஆகிய மூவரும் வெவ்வேறு நிறுவனங்களுக்குரியவராயினர். அவர்களை இணைக்கும் அதிகாரப் பாலம் அமைக்கப்படவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். மலையகப் பெருந்தோட்டக் குடும்பங்களின் நிலை இவ்வாதத்துக்குரிய முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: நலன்புரி நிர்வாகம், அஸ்வெசும, சமுர்த்தி, நிறுவன ஒருங்கிணைப்பு, மேன்முறையீடு, பெருந்தோட்ட மக்கள்

1. முன்னுரை

ஒரு நாட்டின் நலன்புரிக் கொள்கையை அதன் சட்டநூலில் மட்டும் படிப்பது போதுமானதன்று. பிரதேச செயலகத்தின் வாசலில் கோப்புடன் காத்திருக்கும் ஒருவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதிலும் அதனைப் படிக்கவேண்டும். பொதுக்கொள்கை ஆய்வில் இந்நோக்கு புதியதன்று. ஜெப்ரி பிரெஸ்மன், ஆரன் வில்தாவ்ஸ்கி ஆகியோர் 1973இல் வெளியிட்ட நூல், ஒரு திட்டம் நிறைவேற எத்தனை நிறுவனங்களின் இசைவு தேவைப்படுகிறதோ அத்தனை இடங்களில் அது தாமதப்படவோ திரிபடையவோ கூடும் என்று காட்டியது. மைக்கேல் லிப்ஸ்கி 1980இல், மக்களை நேரில் சந்திக்கும் கீழ்நிலை உத்தியோகத்தர் எடுக்கும் அன்றாட முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகின்றன என்று வாதிட்டார். முதலாவது கருத்து நிறுவனங்களுக்கு இடையிலான கிடைநிலை உறவைப் பற்றியது. இரண்டாவது, மேலிருந்து கீழ்வரையான நிலைக்குத்து உறவைப் பற்றியது. நலன்புரிச் சீர்திருத்தம் ஒன்று இவ்விரு உறவுகளையும் ஒரே வேளையில் மாற்றியமைக்கிறது. ஆதலால் அது ஏனைய நிர்வாகச் சீர்திருத்தங்களைவிடச் சிக்கலானது.

தமிழ் மரபிலும் இச்சிந்தனைக்கு வேர் உண்டு. திருக்குறளின் 'தெரிந்து வினையாடல்' அதிகாரம், ஒரு செயலுக்குத் தக்கவரை ஆராய்ந்து தெரிவதோடு நின்றுவிடாமல், தெரிந்தபின் அச்செயலை அவரிடமே பொறுப்பாக ஒப்படைப்பதையும் வலியுறுத்துகிறது. தெரிவும் பொறுப்பும் பிரிக்கப்படலாகாது என்ற இந்நோக்கு, பின்வரும் பகுப்பாய்வுக்கும் பொருந்துவதாகும்.

2. வரலாற்றுப் பின்புலம்: பெயர் மாறிய திட்டங்கள்

இலங்கையின் பொது நலன்புரி, அனைவருக்குமான அரிசி மானியத்தில் தொடங்கியது. 1977க்குப் பிந்தைய பொருளாதாரத் திறப்பின்போது அம்மானியம் குறைக்கப்பட்டு, 1979இல் வருமானம் குறைந்தோருக்கான உணவு முத்திரைத் திட்டமாக மாற்றப்பட்டது. அனைவருக்கும் என்ற நிலையிலிருந்து தகுதியுடையோருக்கு மட்டும் என்ற நிலைக்கு நாடு நகர்ந்த தருணம் அதுவே. தகுதியை யார் தீர்மானிப்பது என்ற வினாவும் அன்றுதான் பிறந்தது. அடுத்து வந்த ஜனசவிய (1989), சமுர்த்தி (1995) ஆகிய திட்டங்கள் அவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்தன.

சமுர்த்தியின் விடை எளிமையானது. கிராம மட்டத்தில் பணியாற்றும் சமுர்த்தி உத்தியோகத்தரே குடும்பத்தை அறிந்தார். அவரது பரிந்துரையே பெரும்பாலும் முடிவாயிற்று. மக்கள் கேள்வி கேட்டதும் அவரிடமே. அறிதல், தீர்மானித்தல், பதில்கூறல் ஆகிய மூன்றும் நடைமுறையில் ஒருவரிடத்தில் குவிந்திருந்தன. இக்குவிப்பின் தீங்குகள் பரவலாக அறியப்பட்டவை. நியமனங்களிலும் பயனாளி தெரிவிலும் கட்சி அரசியல் புகுந்தது. நிலை உயர்ந்த குடும்பங்கள் பட்டியலில் நீடித்தன. வறிய குடும்பங்கள் பல வெளியே நின்றன. கொடுப்பனவுத் தொகையோ வாழ்க்கைச் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியதாயிற்று. சமுர்த்தியை அதன் இழப்புக்குப் பின்னர் பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

2013இல் திவிநெகும திணைக்களம் உருவாக்கப்பட்டபோது ஒருங்கிணைப்பு என்னும் சொல் முதன்முறையாக அரசியல் நெருக்கடி ஒன்றின் நடுவே வந்தது. சமுர்த்தி அதிகாரசபையையும் பிராந்திய அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒரே திணைக்களமாக்கும் அச்சட்டமூலம் மாகாண சபைகளுக்குரிய விடயங்களைத் தொடுகிறது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை அப்போது இல்லாதிருந்த வட மாகாணத்தின் இசைவை யார் தருவது என்பதும் வினாவாயிற்று. தொடர்ந்து தலைமை நீதியரசருக்கு எதிரான குற்றப்பிரேரணையும் பதவிநீக்கமும் நிகழ்ந்தன. நிறுவனங்களை இணைப்பது வெறும் நிர்வாகச் சிக்கனம் அன்று, மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டையே அது தொடும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

பெயர்களும் கவனத்துக்குரியவை. திவிநெகும திணைக்களம் தமிழில் 'வாழ்வின் எழுச்சித் திணைக்களம்' என்று மொழிபெயர்க்கப்பட்டது. ஜனசவிய, சமுர்த்தி, அஸ்வெசும ஆகியனவோ ஒலிபெயர்ப்பாகவே தமிழ் ஆவணங்களில் இடம்பெற்றன. ஆறுதல் என்னும் பொருளுடைய 'அஸ்வெசும' என்ற சொல், அதனைப் பெற விண்ணப்பிக்கும் தமிழ்த் தாய் ஒருத்திக்குப் பொருளற்ற ஓர் ஒலியாகவே வந்துசேர்கிறது. இது சிறு செய்தியாகத் தோன்றலாம். எனினும், திட்டம் எந்த மொழியில் சிந்திக்கப்பட்டு எந்த மொழியில் வெறுமனே அறிவிக்கப்படுகிறது என்பதற்கான முதல் அடையாளம் இது.

3. அஸ்வெசுமவின் நிறுவன அமைப்பு

அஸ்வெசுமவின் சட்ட அடித்தளம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமாகும். சட்டம் இயற்றப்பட்டு ஏறத்தாழ இரு தசாப்தங்கள் கழிந்தே அது முழுவீச்சில் பயன்படுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த ஏறத்தாழ 300 கோடி டொலர் நிதி வசதியும் அந்த அவசரத்தை ஏற்படுத்தின. வறியோருக்கான செலவினத்துக்குக் குறைந்தபட்ச எல்லை ஒன்றைப் பேணுவதும் அவ்வேற்பாட்டின் பகுதியாயிற்று. சீர்திருத்தத்தின் வேகத்தை நிர்ணயித்தது களத்தின் ஆயத்தநிலையன்று, நிதி ஒப்பந்தத்தின் கால அட்டவணை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

தெரிவுமுறை, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் வகுக்கப்பட்ட 22 குறிகாட்டிகளை அடிப்படையாகக் கொண்டது. குடும்பங்கள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. நிலைமாறும் பிரிவினர் 4 இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய். பாதிப்புறும் நிலையிலுள்ள 4 இலட்சம் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய். வறிய 8 இலட்சம் குடும்பங்களுக்கு 8,500 ரூபாய். மிக வறிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு 15,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. இவற்றோடு மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்கான கொடுப்பனவுகளும் இத்திட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. சமுர்த்திக் கொடுப்பனவோடு ஒப்பிடுகையில் தொகைகள் கணிசமாக உயர்ந்தன என்பதும் மறுக்கவியலாதது.

ஒரு குடும்பத்துக்கு இக்கொடுப்பனவு சென்றடைவதற்கு எத்தனை நிறுவனங்கள் இணைந்து இயங்கவேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2023இல் நிதி அமைச்சின் பொறுப்பில் இருந்த நலன்புரி நன்மைகள் சபை. உள்நாட்டு நிர்வாகத்தின் கீழ் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர். அப்போது வேறோர் அமைச்சின் கீழ் இருந்த சமுர்த்தித் திணைக்களம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான தேசிய செயலகங்கள். அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களம். பிறப்பு, விவாகச் சான்றுகளுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களம். கணக்குத் திறப்பதற்கு வங்கி. மாகாண சபைகளின் சமூக சேவைத் திணைக்களங்களோ, பேச்சுவழக்கில் 'பிச்சைச் சம்பளம்' என்று மக்கள் கசப்புடன் அழைக்கும் மாதாந்த உதவிப்பணத்தை வழங்கி வந்தவை. அவை இவ்வட்டத்தின் ஓரத்தில் நிற்கின்றன. பிரதேச செயலாளர் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் மத்திக்கும் மாகாணத்துக்கும் ஒருசேரப் பணியாற்றும் நிலையில் இருப்பவர். எல்லா இழைகளும் அவரது மேசையில்தான் கூடுகின்றன. ஆயினும் தகுதிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ சுயாதீனமான அதிகாரம் அவரிடம் இல்லை.

4. மூன்று பணிகளின் பிரிவு

4.1 அறிபவர்

சமுர்த்தி உத்தியோகத்தரின் தொழிற்சங்கங்கள் தரவு திரட்டும் பணியில் பங்கேற்க மறுத்தன. கிராம உத்தியோகத்தரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. இவ்வெதிர்ப்பைப் பதவிநலன் சார்ந்ததாக மட்டும் கொள்வது முழுமையான விளக்கமாகாது. தங்கள் திணைக்களத்தின் எதிர்காலமும் தாங்கள் கட்டியெழுப்பிய சமுர்த்தி வங்கிகளின் இடமும் என்னவாகும் என்ற வினாவுக்குத் தெளிவான விடை தரப்படாத நிலையில், தங்களையே தேவையற்றவராக்கக்கூடிய படிவத்தை நிரப்புமாறு அவ்வுத்தியோகத்தர் கேட்கப்பட்டனர். ஒருங்கிணைப்பின் முதற்பாடம் இங்கே புறக்கணிக்கப்பட்டது: ஒரு நிறுவனத்தின் ஒத்துழைப்பைக் கோருமுன் சீர்திருத்தத்தின் பின் அதன் இடம் எது என்பது சொல்லப்படவேண்டும்.

விளைவாக, பல இடங்களில் அக்குடும்பங்களை முன்னர் அறியாத உத்தியோகத்தர் தரவு திரட்டினர். கிராமத்தை அறிந்தவரின் பக்கச்சார்பு நீங்கியது. அவரது அறிவும் உடன் நீங்கியது. படிவத்தில் 'ஓடு வேய்ந்த கூரை' என்று பதியப்படும் வீடு, கணவன் இறந்தபின் கடனில் மூழ்கியிருப்பதை அயலவர் அறிவர். ஒரு முறை வந்துசெல்லும் கணக்கெடுப்பாளர் அறியார்.

4.2 தீர்மானிப்பவர்

தீர்மானம் சபையின் தகவல் முறைமையினுள் நிகழ்கிறது. இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. மேலே கூறிய நான்கு பிரிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாக 20 இலட்சம் வருகிறது. விண்ணப்பித்த குடும்பங்களோ 30 இலட்சத்தைக் கடந்தன. வறுமையின் அளவு கண்டறியப்பட்டு அதற்கேற்ப எண்ணிக்கை வரவில்லை. எண்ணிக்கை முதலில் வகுக்கப்பட்டு அதற்குள் வறுமை வரிசைப்படுத்தப்பட்டது. இத்தகைய ஒப்பீட்டு வரிசையில் ஒரு குடும்பத்தின் தகுதி அதன் நிலையை மட்டுமன்றி ஏனைய குடும்பங்களின் தரவுகள் எவ்வளவு துல்லியமானவை என்பதையும் பொறுத்திருக்கிறது. அயலூரில் நேர்ந்த ஒரு பதிவுப் பிழை இவ்வூரில் ஒருவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளக்கூடும். அப்பிழையை இருவருமே அறியமாட்டார்கள்.

4.3 பதில்கூறுபவர்

2023 ஜூனில் பட்டியல்கள் காட்சிப்படுத்தப்பட்டபோது பிரதேச செயலகங்களின் முன் மக்கள் திரண்டனர். சில வாரங்களுக்குள் வந்த மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் முடிவை ஏற்கவில்லை என்பதே இதன் பொருள். மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே: 'ஏன் எங்கள் பெயர் இல்லை?' அக்கேள்வியை எதிர்கொண்டவர் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலக ஊழியருமே. அவர்கள் அக்கேள்விக்குப் பொறுப்பான விடையைத் தரும் நிலையில் இல்லை. தரவைத் திரட்டியவர் வேறொருவர். மதிப்பெண்ணிட்டது கொழும்பிலுள்ள முறைமை. லிப்ஸ்கி விவரித்த கீழ்நிலை உத்தியோகத்தரிடம் குறைந்தபட்சம் விருப்புரிமை இருந்தது. இங்கே அவ்விருப்புரிமை நீக்கப்பட்டு, மக்களின் சினத்தைத் தாங்கும் கடமை மட்டும் எஞ்சியது.

ஆட்சேபனை முறை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்கியது. பட்டியலில் உள்ள ஒருவர் தகுதியற்றவர் எனக் கருதும் எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம். வெளிப்படைத்தன்மை என்ற நோக்கில் இது ஏற்கத்தக்கதாகத் தோன்றினாலும், நிறுவனங்கள் ஒன்றையொன்று சரிபார்த்துச் செய்யவேண்டிய பணி அயலவரின் தோளில் ஏற்றப்பட்டது. வாகனப் பதிவு, மின்பாவனை, காணி உரித்து ஆகிய தகவல்கள் அரச நிறுவனங்களிடமே இருக்க, அடுத்த வீட்டாரைக் காட்டிக்கொடுக்குமாறு ஊர் அழைக்கப்படுவது ஒருங்கிணைப்பின் வெற்றியன்று, அதன் தோல்வியின் வடிவமே. ஒரே கிணற்றில் நீர் அள்ளுவோரிடையே அது விதைக்கும் பகைமைக்குக் குறிகாட்டி எதுவும் இல்லை.

5. பெருந்தோட்டம்: நிறுவனங்களின் இடைவெளியில் ஒரு சமூகம்

நிறுவனங்களுக்கு இடையிலான இடைவெளி எல்லோரையும் ஒரேயளவில் பாதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின அளவீட்டின்படி நாடளாவிய வறுமை வீதம் 14.3, தோட்டத்துறையில் அது 33.8. நெருக்கடிக்கு முன்னரே மூவரில் ஒருவர் வறியவராயிருந்த இச்சமூகம், அஸ்வெசுமவின் முதன்மையான இலக்காக அமைந்திருக்க வேண்டும். ஆனால் நிர்வாகத்தோடு அதற்குள்ள உறவு வரலாற்றுரீதியாக வேறுபட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கிய சட்டம் 2003இலேயே வந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் உள்ளூராட்சிச் சேவை செல்லுவதைத் தடைப்படுத்தியிருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். இடைப்பட்ட காலம் முழுவதும் தோட்ட முகாமைத்துவமே இம்மக்களின் அரசாங்கமாயிருந்தது.

இந்த வரலாறு அஸ்வெசுமவின் ஒவ்வொரு படியிலும் எதிரொலிக்கிறது. முதலாவது, அலுவலகத்தின் தொலைவு. 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இத்தகைய பிரிவுகளில் ஒரு மேன்முறையீட்டைக் கையளிக்க ஒரு நாட்சம்பளத்தை இழக்கவேண்டியிருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த இழப்பு உடனடியானது. மேன்முறையீட்டின் பயனோ நிச்சயமற்றது.

இரண்டாவது, குடும்பம் என்னும் அலகு. லயன் அறையொன்றில் பெற்றோரும் மணமுடித்த பிள்ளைகளும் ஒன்றாக வாழ்வது வழமை. அடுப்பு இரண்டு, கூரை ஒன்று, மின்மானி ஒன்று என்ற நிலையில் எத்தனை குடும்பங்கள் எனக் கணக்கெடுப்பாளர் கொள்கிறாரோ அதனைப் பொறுத்தே தகுதி மாறும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் மின்சாரம் ஒருவரின் வசதியாகத் தோன்றும்; பலரின் சம்பளம் ஒரே வருமானமாகக் கூட்டப்படும். சொந்த வீட்டை மனத்திற்கொண்டு வகுத்த குறிகாட்டி, எவருக்கும் சொந்தமில்லாத லயனை அளக்கும்போது தடுமாறுகிறது.

மூன்றாவது, முகவரியும் ஆவணமும். தோட்டங்களில் வீட்டுக்கு வீடு முகவரி இல்லாத நிலையில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே செல்வது நெடுங்கால வழக்கம். கால எல்லையுள்ள அறிவித்தல் ஒன்று அங்கே தங்கிவிட்டால், உரிமை அத்துடன் முடிகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மற்றொரு எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கில் வேறொன்று என்ற பெயர் முரண்பாடு, தமிழ்ப் பெயரைச் சிங்கள, ஆங்கில எழுத்துகளில் பல கைகள் பெயர்த்தெழுதியதன் விளைவு. ஒவ்வொரு திணைக்களமும் தன் பதிவே சரியென்று நிற்க, அவற்றை இணங்கச் செய்யும் பொறுப்பு எழுதப் படிக்கச் சிரமப்படும் விண்ணப்பதாரியிடமே விடப்படுகிறது. மலையகத்தின் பல பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருப்பினும், தமிழ் மொழிமூல உத்தியோகத்தரின் பற்றாக்குறை அப்பிரகடனத்தைத் தாளிலேயே நிறுத்திவிடுகிறது.

நான்காவது, வடக்கிலும் கிழக்கிலும் போரால் இடம்பெயர்ந்து மீண்டோர், பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஆகியோரின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. காணி உறுதி தொலைந்தவர், கணவன் காணாமலாக்கப்பட்டதால் மரணச் சான்றிதழும் இல்லாதவர் ஆகியோரை 'குடும்ப அமைப்பு' என்னும் நிரலில் எவ்வாறு பதிவது என்பது படிவம் எதிர்பார்த்திராத வினா.

6. இணைப்பே தீர்வாகுமா? நோர்வேயின் படிப்பினை

எல்லா நிறுவனங்களையும் ஒன்றாக இணைத்துவிட்டால் இச்சிக்கல் தீரும் என்ற வாதம் எழக்கூடும். அவ்வழியில் மிகத் தொலைவு சென்ற நாடு நோர்வே. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2005இல் எடுத்த முடிவின்படி, வேலைவாய்ப்பு நிறுவனமும் தேசிய காப்புறுதி நிறுவனமும் 2006 ஜூலையில் 'நாவ்' என்ற ஒரே நிறுவனமாயின. நகராட்சிகளின் சமூக சேவை பங்காண்மை வாயிலாக அதே கூரையின் கீழ் வந்தது. செல்வமும் நிர்வாகத் திறனும் மிக்க ஒரு நாட்டில் நிகழ்ந்த இணைப்பு அது.

ஆயினும் 2019 ஒக்டோபரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பின் ஏனைய நாடுகளில் தங்கியிருந்த காலத்தில் நோய்க்கால உதவி போன்ற கொடுப்பனவுகளைப் பெற்றோர்மீது அந்நிறுவனம் பல்லாண்டுகளாகச் சட்டத்தைத் தவறாகப் பிரயோகித்தது வெளிப்பட்டது. பலரிடம் பணம் மீள அறவிடப்பட்டது. சிலர் சிறை சென்றனர். காப்புறுதித் தீர்ப்பாயம் 2017 முதல் மாறான தீர்ப்புகளை வழங்கத் தொடங்கிய பின்னரும் நடைமுறை உடனே மாறவில்லை. 2020இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 'குருட்டுப் பகுதி' என்னும் பொருளுடைய தலைப்பைத் தாங்கியது. நிறுவனம் மட்டுமன்றி அமைச்சு, வழக்குத்தொடுநர், நீதிமன்றங்கள் ஆகிய அனைத்தும் அதனைக் காணத் தவறியமையை அது எடுத்துரைத்தது.

இரு நாடுகளின் நிலைமைகளும் வேறானவை. நோர்வே நிறுவனங்களை இணைத்தது. இலங்கை இருந்த நிறுவனங்களின் மேல் ஒரு சபையை அமர்த்தியது. எனினும் படிப்பினை பொதுவானது. ஒரு கூரையின் கீழ் வருவது தகவலை மேலே கொண்டுசெல்லும். பிழை பற்றிய செய்தி கீழிருந்து மேலே சென்று முடிவை மாற்றுவதற்கு அது உத்தரவாதமன்று. ஒருங்கிணைப்பின் தரத்தை அளக்கவேண்டியது, சரியான தரவு எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதனாலன்று. தவறான முடிவு எவ்வளவு விரைவாகத் திருத்தப்படுகிறது என்பதனாலேயே.

7. மறுவாதங்களும் மதிப்பீடும்

இவ்விமர்சனத்துக்கு மூன்று மறுவாதங்கள் முன்வைக்கப்படலாம். முதலாவது, கீழ்நிலையில் அதிகாரம் வழங்கினால் பழைய அரசியல் தலையீடு திரும்பும் என்பது. இது வலுவான வாதம். ஆனால் தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரமும் தரவுப் பிழையைத் திருத்தும் அதிகாரமும் ஒன்றல்ல. கூரை ஓடா தகரமா, குடும்பத்தில் நால்வரா எழுவரா என்ற மெய்விவரத்தைக் காரணங்காட்டிப் பதிவுசெய்து திருத்தும் அதிகாரத்தைப் பிரதேச செயலாளரிடம் வழங்குவது, மதிப்பெண் முறையைத் தொடாமலே இயலும்.

இரண்டாவது, புதிய திட்டம் எதுவும் தொடக்கத்தில் தடுமாறும் என்பது. நிலைமாறும் பிரிவினருக்கும் பாதிப்புறும் பிரிவினருக்கும் வகுக்கப்பட்ட கால எல்லைகள் பின்னர் நீட்டிக்கப்பட்டமையும், 2024இல் இரண்டாம் கட்ட விண்ணப்பம் கோரப்பட்டமையும் இதற்குச் சான்றாகக் காட்டப்படலாம். அவை வரவேற்கத்தக்கவை. எனினும் நீட்டிப்பு என்பது பிழையை ஒத்திவைப்பதேயன்றிப் பிழையைத் திருத்தும் முறையாகாது. மேலும், தொடக்கத் தடுமாற்றத்தின் விலையை ஏற்பவர் நிறுவனமன்று. ஒரு மாதக் கொடுப்பனவு தவறினால் கடைக் கடனில் மாவும் பருப்பும் வாங்கும் குடும்பமே.

மூன்றாவது, குறிகாட்டிகளைச் செம்மைப்படுத்தினால் போதும் என்பது. செம்மைப்படுத்தல் தேவையே, லயன் வாழ்க்கைக்கேற்ற அளவுகோல்கள் இன்றியமையாதவை. ஆனால் 22 குறிகாட்டிகளை 44 ஆக்கினாலும், ஓர் ஆண்டின் நடுவே குடும்பத்தலைவர் இறந்துபோனால் அச்செய்தி பதிவாளரிடமிருந்து சபைக்குத் தானே செல்லும் வழி இல்லாதவரை, முறைமை நேற்றைய குடும்பத்துக்கே உதவிக்கொண்டிருக்கும்.

8. முடிவுரை

அஸ்வெசும, சமுர்த்தியின் ஒரு குறையைச் சரியாக இனங்கண்டது: அறிபவரே தீர்மானிப்பவராகவும் இருந்தால் நடுநிலை கெடும். அவ்விருவரையும் பிரித்தது பிழையன்று. பிரித்தபின் மூன்றாமவரை, அதாவது பதில்கூறுபவரை, அதிகாரமின்றி விட்டதே பிழை. இப்பகுப்பாய்விலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று, மறுக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தக் குறிகாட்டியில் என்ன பதிவு இருந்தது என்பதை அதன் மொழியில் எழுத்தில் தருவது சபையின் கடமையாக்கப்பட வேண்டும். காரணம் தெரியாத முடிவுக்கு எதிரான மேன்முறையீடு இருட்டில் எறியும் கல்லே. இரண்டு, மெய்விவரப் பிழைகளைத் திருத்தும் வரையறுத்த அதிகாரம் பிரதேச செயலகத்துக்கு வழங்கப்பட வேண்டும். மூன்று, ஆட்பதிவு, பிறப்பு இறப்புப் பதிவு, வங்கி ஆகியவற்றின் பெயர் முரண்பாடுகளை இணக்கும் பொறுப்பு விண்ணப்பதாரியிடமிருந்து அரசுக்கு மாற்றப்பட வேண்டும். தோட்டங்களில் இது நடமாடும் சேவைகள் வாயிலாக வேலை நேரத்துக்குப் பின்னர் லயன்களிலேயே நடைபெறலாம். நான்கு, சீர்திருத்தத்தால் இடம் மாறும் உத்தியோகத்தரின் எதிர்காலம் சீர்திருத்தத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். கிராமத்தைப் பற்றிய அவர்களது அறிவு இழக்கத்தக்க பொருளன்று.

நிறுவனங்களுக்கு இடையிலான கோடுகள் அமைப்பு வரைபடத்தில் மெல்லியவை. பிரதேச செயலகத்திலிருந்து கிராம உத்தியோகத்தரிடமும், அவரிடமிருந்து வங்கிக்கும், அங்கிருந்து தோட்ட அலுவலகத்துக்கும் அனுப்பப்படும் ஒருவருக்கு அவை மலைப்பாதையின் நீளமுடையவை. அப்பாதையை விண்ணப்பதாரி நடக்கிறாரா, அவரது கோப்பு நடக்கிறதா என்பதைக் கொண்டே இச்சீர்திருத்தம் மதிப்பிடப்பட வேண்டும்.